காரை அம்மோனைட்டுகள்: எடுப்பது சேகரிப்பா, சூறையா?

9 ஜனவரி 2023

பெரம்பலூர் வாசகர் ஒருவரின் கேள்வி:

"பொழுதுபோக்குக்காகப் புதைபடிவம் சேகரிப்பவர்கள் எங்கள் மாவட்டத்தைக் காலி செய்துகொண்டிருக்கிறார்கள். என் சிறு வயதில் காரையில் காலில் இடறிய அம்மோனைட்டுகள் (சுருள் ஓட்டோடு வாழ்ந்து அழிந்துபோன கடல்விலங்குகள் கல்லானவை) இப்போது தேடினாலும் கண்ணில் படுவதில்லை. ஆய்வாளர்களைத் தவிர யாரும் இவற்றைத் தொடக் கூடாது என்று சட்டமே வர வேண்டும். என்ன சொல்கிறீர்கள்?"

9 ஜனவரி 2023, இரவு

ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்த மண் எப்படிப்பட்டது என்று உங்களுக்கே தெரியும். பாடாலூரில் நெடுஞ்சாலையை விட்டு ஊட்டத்தூர் வழியாகப் போனால் செடி கொடி ஒட்டாத களிமண் மேடுகள், மேடெங்கும் ஓடைக் கீறல்கள். வடகிழக்குப் பருவமழை ஒவ்வோர் ஆண்டும் அவற்றை அறுக்கிறது. உள்ளே இருக்கும் அம்மோனைட் ஒரு மழையில் தலைகாட்டும். அடுத்த மழையில் முழுதாக வெளியே வரும். பிறகு வெயிலும் நீரும் மாறி மாறி அடித்து, விள்ளல் விள்ளலாக உதிர்ந்து ஓடையோடு போய்விடும். களிமண்ணில் குறுக்கும் நெடுக்கும் ஓடும் ஜிப்சம் நரம்புகள் பல கற்களுக்குள்ளும் புகுந்து பிளந்து வைத்திருக்கின்றன. பத்துக் கோடி ஆண்டுகள் மண்ணுக்குள் பத்திரமாக இருந்த ஒன்று வெளியே வந்தபின் சில ஆண்டுகள்கூடத் தாங்குவதில்லை. யாரும் தொடாமல் விட்டால் அது ஓடைக்குப் போகும், அருங்காட்சியகத்துக்குப் போகாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆய்வாளர்தான் தொட வேண்டும் என்ற விதி 1840களில் இருந்திருந்தால் தென்னிந்தியாவின் கிரெட்டேசியக் காலப் பாறைகளை, அதாவது டைனோசர்கள் வாழ்ந்த கடைசிக் காலத்துப் பாறைகளைப் பற்றி உலகத்துக்கு அப்போது எதுவும் தெரிந்திருக்காது. பாண்டிச்சேரி, விருத்தாசலம், திருச்சி வட்டாரங்களில் சிப்பிகளையும் அம்மோனைட்டுகளையும் தேடிச் சேர்த்தவர்கள் கேய், கன்லிஃப் என்ற இருவர். கேய் மதராஸ் சிவில் சர்வீஸ் அதிகாரி. கல் தேடியது அலுவலுக்கு வெளியே, சொந்த ஆர்வத்தால். அவர்கள் லண்டனுக்கு அனுப்பியவற்றை எட்வர்ட் ஃபோர்ப்ஸ் என்ற இயற்கையியலாளர் ஆராய்ந்து 1846இல் விவரித்து வெளியிட்டார். இந்திய நிலவியல் ஆய்வுத்துறை தொடங்கியதே 1851இல்தான்.

11 ஜனவரி 2023

மேலே உள்ளதைப் படித்துவிட்டு இருவர் "அப்படியானால் தாராளமாக எடுக்கலாம்" என்று எழுதியிருக்கிறார்கள். இல்லை. சாக்குப் பையோடு வந்து முழுதாக இருப்பதை எல்லாம் அள்ளிக்கொண்டு, உடைந்ததை மிதித்துவிட்டுப் போகிறவர்களை நானும் பார்த்திருக்கிறேன். பெரம்பலூர் வாசகரின் கோபம் அவர்கள் மேல் என்றால் அந்தக் கோபத்தில் எனக்கும் பங்கு உண்டு.

எனக்கென்று ஒரு வரம்பு வைத்திருக்கிறேன். மழை கழற்றிவிட்டதை மட்டும் எடுப்பேன். மேட்டில் பாதி புதைந்திருப்பதைக் குத்தி எடுப்பதில்லை, ஏனென்றால் அது இன்னும் தன் அடுக்கில் இருக்கிறது. எந்தப் பக்கம் சாய்ந்து கிடக்கிறது, பக்கத்தில் எந்தச் சிப்பி, மேலே கீழே என்ன மண் என்பதையெல்லாம் அது இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறது. அதைப் படம் எடுத்து, இடத்தைக் குறித்து, தெரிந்த நிலவியல் துறைப் பேராசிரியருக்கு அனுப்பிவிடுவேன். அவர் வருவதற்குள் மழை வந்துவிட்டால்? அந்தக் கேள்விக்கு இன்னும் விடை காணவில்லை. வாசகர்கள் சொல்லலாம்.

12 ஜனவரி 2023

வயதைப் பற்றிக் கேட்டவருக்கு: காரைக் களிமண் ஒரே வயதுடையது அன்று. பெரும்பகுதி சுமார் 10 கோடி ஆண்டுகள். மேலடுக்குகள் 9 கோடியை நெருங்கும். அரியலூர்ப் பக்கம் கிழக்கே போகப் போகப் பாறை இளையதாகிக்கொண்டே வரும். நின்னியூரை எட்டும்போது டைனோசர்கள் அழிந்த 6.6 கோடி ஆண்டு எல்லையையும் தாண்டியிருப்போம். ஒரு நாள் பஸ் பயணத்தில் மூன்றரைக் கோடி ஆண்டுகளைக் கடக்கும்படி நிலம் அமைந்திருக்கிறது. இப்படிப்பட்ட வட்டாரங்கள் உலகிலேயே அதிகம் இல்லை. அதனால்தான் இங்கே எடுத்த இடத்தைக் குறிக்காமல் கல்லை எடுப்பவர்மேல் எனக்குக் கோபம் வருகிறது.

18 ஜனவரி 2023

"என்ன குறிக்க வேண்டும்" என்று நாமக்கல்லில் இருந்து ஒரு மாணவி கேட்டிருக்கிறார். இந்த இழையில் இதுவரை வந்ததில் மிகவும் பயனுள்ள கேள்வி இதுதான், அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

கல்லைக் கையில் எடுப்பதற்கு முன்னால் அது கிடந்த நிலையிலேயே ஒரு படம். அளவு தெரிய பக்கத்தில் ஒரு நாணயமோ அளவுகோலோ இருக்க வேண்டும். பிறகு கைப்பேசியில் அட்சரேகை, தீர்க்கரேகை. கைப்பேசியை மட்டும் நம்பாதீர்கள். "கோயிலுக்குத் தெற்கே, இரண்டாவது ஓடை, மேற்குக் கரை" என்று சொற்களிலும் எழுதுங்கள். அடுத்தது மிக முக்கியம்: கல் தன் அடுக்கிலேயே இருந்ததா, கழன்று கிடந்ததா, நீரில் உருண்டு வந்ததா? கழன்று கிடந்தால் மேலே எந்த அடுக்கிலிருந்து விழுந்திருக்கலாம் என்று நிமிர்ந்து பார்த்து அதையும் எழுதுங்கள், "அடுக்கு ஊகம்" என்ற குறிப்போடு. ஊகத்தை ஊகம் என்று எழுதாதவர்களால் வந்த குழப்பங்கள் பழைய சேகரிப்புகளில் ஏராளம்.

வீட்டுக்கு வந்ததும் கல்லின் முக்கியமில்லாத பக்கத்தில் பட்டாணி அளவுக்கு வெள்ளை வண்ணம் பூசி, காய்ந்தபின் இந்தியன் இங்க்கால் எண் எழுதுங்கள். அதே எண் நோட்டுப் புத்தகத்தில். ஒட்டும் தாளில் எழுதி ஒட்டினால் சில கோடைகளில் பசை காய்ந்து உதிர்ந்துவிடும். பத்துக் கற்கள் இருக்கும் பெட்டியில் பத்துத் தாள்களும் அடியில் கிடந்தால் எது எதனுடையது என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

ஊர் தெரியாத அழகான அம்மோனைட்டைவிட ஊர் தெரிந்த உடைந்த துண்டு மேல். நான் இந்த இழையில் சொல்ல நினைப்பது இதுதான். மற்றவை எல்லாம் இதன் விரிவு.

19 ஜனவரி 2023

விட்டுப்போனது: பழைய செய்தித்தாளில் ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சுற்றுங்கள். பஸ்ஸில் பையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். அடியில் பெலெம்னைட், மேலே அம்மோனைட். பெலெம்னைட்டுகள், அதாவது கணவாய் போன்ற பழங்காலக் கடல்விலங்கின் உள்கூடுகள், தோட்டா வடிவில் திண்ணென்று இருக்கும், ஆனால் குறுக்கே எளிதில் முறியும்.

26 ஜனவரி 2023

மத்தியப் பிரதேசத்தின் தார் மாவட்டத்தில் 92 கூடுகளும் 256 டைனோசர் முட்டைகளும் கண்டறியப்பட்டதாக இந்த மாதம் ஆய்வுக் கட்டுரை வெளியாகியிருக்கிறது. அதைப் படித்துவிட்டு நான்கைந்து பேர் குன்னத்தைப் பற்றிக் கேட்கிறார்கள். 2020இல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் மண் எடுத்தபோது பெரிய பெரிய உருண்டைகள் கிடைத்தன. டைனோசர் முட்டை என்று சமூக ஊடகங்களில் பரவி ஊரே திரண்டது. பார்த்த வல்லுநர்கள் முட்டை இல்லை என்றார்கள்.

அவை கனிம உருண்டைகள். கடலடிச் சேற்றில் ஒரு சிப்பியோ அம்மோனைட்டோ அழுகும்போது சுற்றியுள்ள நீரின் வேதியியல் மாறுகிறது. அந்த உடலை மையமாக வைத்துச் சுண்ணமோ இரும்போ படிந்து சேற்றை இறுக்குகிறது. படிவு எல்லாப் பக்கமும் சமமாக வளர்ந்தால் உருண்டை. பின்னால் சுற்றியுள்ள களிமண் கரைந்ததும் உருண்டைகள் மட்டும் கூட்டமாக நிற்கும், பார்ப்பதற்கு அச்சு அசல் கூடு. முட்டையா என்று அறிய வடிவம் போதாது. ஓடு வேண்டும். ஓட்டைச் சீவி நுண்ணோக்கியில் பார்த்தால் குஞ்சு மூச்சுவிட்ட துளைகளும் படிக அடுக்குகளும் தெரிய வேண்டும்.

குன்னத்து உருண்டைகளைச் "சும்மா கல்" என்று ஒதுக்கிவிட்டதுதான் எனக்கு வருத்தம். அப்படிப்பட்ட உருண்டைக்குள் நசுங்காத அம்மோனைட் இருக்க வாய்ப்பு உண்டு. சேறு இறுகிக் கவசமாகிவிட்டதால் மேலே குவிந்த மண்ணின் சுமை அதைத் தொடுவதில்லை. முட்டை இல்லை என்ற செய்தியோடு ஆர்வம் வடிந்துவிட்டது. ஓர் ஆசிரியர் அன்று மாணவர்களைக் கூட்டிப்போய் இதை விளக்கியிருந்தால் எப்படி இருந்திருக்கும்!

2 பிப்ரவரி 2023

"பெரிய எலும்பு ஒன்று அரியலூரில் கிடைத்துக் காணாமல் போனதாமே" என்று கேட்டவருக்கு.

உண்மை. இடம் அரியலூர் மாவட்டத்தின் கல்லமேடு. யாதகிரி, அய்யாசாமி என்ற இரண்டு நிலவியலாளர்கள் கண்டெடுத்து 1987இல் அந்த டைனோசருக்குப் புருஹத்காயோசாரஸ் என்று பெயரிட்டார்கள். கால் எலும்பு ஒன்று மட்டும் 2 மீட்டர். முதலில் ஊனுண்ணி என்று வகைப்படுத்தினார்கள். பின்னர் வந்தவர்கள் நீண்ட கழுத்துத் தாவர உண்ணி என்றார்கள். உலகின் மிகப் பெரிய நில விலங்குகளில் ஒன்றாக இருந்திருக்கலாம். ஆனால் எலும்பு இன்று இல்லை. கல்லமேட்டு எலும்புகள் நீர் குடித்தால் உதிர்ந்துபோகும் தன்மையுடையவை. மழையும் சேர்ந்துகொண்டு, எலும்பு பொடிந்துவிட்டது. மிஞ்சியவை விவரிப்பும் வரைபடங்களும் படங்களும். அன்று எடுத்த படங்கள் சில 2022இல்தான் வெளியாகின. அதன்பின் அந்த விலங்கு எத்தனை பெரியது என்ற விவாதம் மறுபடி சூடுபிடித்திருக்கிறது.

அதே கல்லமேட்டிலிருந்து இன்னொரு கதை. 2013இல் ஓர் ஆய்வுக் குழு அங்கிருந்து ட்ரூடான்டிட் வகை டைனோசரின் ஒற்றைப் பல்லை விவரித்தது. அளவு சில மில்லிமீட்டர். அந்த வகை அதுவரை வட கண்டங்களில் மட்டுமே அறியப்பட்டிருந்தது. தீவாக வடக்கே நகர்ந்துகொண்டிருந்த இந்தியாவுக்கு அது எப்படி வந்தது என்ற கேள்வியை அந்தச் சிறு பல் கிளப்பியது. இப்படிப்பட்ட பற்களைக் காண வழி ஒன்றுதான்: மண்ணை மூட்டையாகக் கொண்டுவந்து நீரில் ஊறவைத்து, நுண்சல்லடையில் அலசி, எஞ்சியதை நுண்ணோக்கியின் கீழ் மணிமணியாகப் பிரிப்பது.

2 மீட்டர் எலும்பு போய்விட்டது. சில மில்லிமீட்டர்ப் பல் நிற்கிறது. பெரிதாக ஏதாவது கிடைக்காதா என்று அலைகிறவர்கள் இதை ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

3 பிப்ரவரி 2023

"பொடிந்ததற்கு யார் பொறுப்பு" என்று தொடங்கியிருக்கும் சண்டையை நிறுத்துங்கள். எலும்பு கண்ணில் பட்டால் என்ன செய்வது என்று பேசுவது மேல். செய்ய வேண்டியது: தொடாமல் இருப்பது. படம், இடம், உடனே அறிந்தவர்களுக்குச் செய்தி. முறைப்படி எடுப்பவர்கள் எலும்பைச் சுற்றி அகழ்ந்து, வெடிப்புகளில் கரைசல் விட்டு இறுக்கி, ஈரத் தாள் போர்த்தி, அதன்மேல் பிளாஸ்டர் ஆஃப் பாரிசில் தோய்த்த சாக்குத் துணியால் கட்டு போட்டு, காய்ந்தபின் புரட்டுவார்கள். இதைத் தனியாளாக, ஒரு விடுமுறை நாளில் செய்ய முடியாது. அம்மோனைட் கல்லாகிவிட்ட அச்சு, ஓரளவு தாங்கும். எலும்பு தாங்காது. என் வரம்பு அம்மோனைட்டுக்குத்தான் பொருந்தும் என்பதை முன்னால் எழுதியதோடு சேர்த்துப் படியுங்கள்.

19 பிப்ரவரி 2023

இன்று காரை. பொங்கல் கழிந்து மாசி தொடங்கும் இந்த நாட்கள்தான் எனக்குப் பிடித்தவை. மழை கழுவிய மேடு காய்ந்திருக்கும், வெயில் இன்னும் கொல்லாது. காலைச் சூரியன் சாய்வாக அடிக்கும்போது அம்மோனைட்டின் வரிகள் ஒவ்வொன்றும் நிழல் கட்டிப் பளிச்சென்று தெரியும். பதினொரு மணிக்கு அதே இடத்தில் நின்றால் எல்லாம் தட்டையாக, ஒரே நிறமாகிவிடும். சூரியனுக்கு எதிர்முகமாக, மெதுவாக, மேட்டின் அடியிலிருந்து மேலே ஏறிக்கொண்டே பாருங்கள். ஒரு துண்டு கிடைத்தால் அதற்கு நேர் மேலே தேடுங்கள்.

ஆடு மேய்க்கும் ஆச்சி ஒருவர் என்னைப் பார்த்துவிட்டு, "நத்தைக்கல்லா தேடுகிறாய் தம்பி? அந்தப் பக்கம் போ. போன மழையில் அந்தக் கரைதான் சரிந்தது" என்றார். போனேன். சுருள் சுருளான புழுக்குழாய்கள் கொட்டிக் கிடந்தன. ரோட்டுலேரியா என்ற கடற்புழு கட்டிக்கொண்ட சுண்ணக் குழாய்கள் அவை. சிறிய நத்தை என்று பலர் ஏமாறுவார்கள். நத்தை ஓடு போல முனை கூராக முடியாது, வளையங்கள் ஒழுங்கின்றி இருக்கும், கடைசியில் குழாய் நிமிர்ந்துவிடும். ஒரு துரிலைட்டிஸ் துண்டும் கிடைத்தது. இதுவும் அம்மோனைட் இனம்தான், ஆனால் ஒரே தளத்தில் சுருளாமல் திருகாக மேலேறும்.

எந்த ஓடையில் எந்த ஆண்டு கரை சரிந்தது என்று அந்த ஆச்சிக்குத் தெரிந்த அளவுக்கு எந்த வரைபடத்திலும் இல்லை. சட்டம் வர வேண்டும் என்கிறவர்கள் அந்தச் சட்டத்தில் இவருக்கு என்ன இடம் என்றும் யோசிக்க வேண்டும்.

7 மார்ச் 2023

வினிகரில் ஊறவைத்தால் சுத்தமாகும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து வேண்டாம்! சுண்ணாம்புக்கல்லையும் கால்சைட் என்ற சுண்ணக் கனிமத்தாலான ஓட்டையும் அமிலம் தின்றுவிடும். அழுக்கு போவதற்கு முன்னால் வரிகள் போய்விடும். தண்ணீர், பழைய பல்துலக்கி, பொறுமை. களிமண் கெட்டியாக ஒட்டியிருந்தால் மூங்கில் குச்சி. ஊசியைக் கடைசியாகத்தான் எடுக்க வேண்டும், அதுவும் உருப்பெருக்கியின் கீழ். உதிர்கிற துண்டுகளுக்கு ஃபெவிகாலைப் பூசாதீர்கள். அருங்காட்சியகங்களில் பாரலாய்டு பி-72 என்ற பிசினை அசிட்டோனில் நீர்க்கக் கரைத்துப் பூசுவார்கள். தவறாக ஒட்டினாலும் அதே அசிட்டோனால் கரைத்து எடுத்துவிடலாம் என்பதுதான் அதன் சிறப்பு.

23 ஏப்ரல் 2023

விலைக்கு வாங்குவது பற்றி. இழை இரண்டாகப் பிரிந்து நிற்கிறது.

"மேரி ஆனிங் விற்றவர்தானே" என்கிறார் ஒருவர். ஆம், இங்கிலாந்தின் லைம் ரீஜிஸ் கடற்கரையில் புதைபடிவம் எடுத்து விற்றுத்தான் அவர் குடும்பம் பிழைத்தது. 1823இல் அவர் கண்டெடுத்த பிளீசியோசாரஸ் என்ற நீண்ட கழுத்துக் கடல் ஊர்வனவின் எலும்புக்கூடு அறிவியலையே உலுக்கியது. ஆனால் எந்தப் பாறையில், எந்த நிலையில் கிடந்தது என்று அவருக்குத் தெரியும், வாங்கியவர்களும் அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். இணையத்தில் "இந்திய அம்மோனைட், அரிது" என்று விற்கிறவரிடம் ஊர் கேட்டுப் பாருங்கள். பதில் வராது.

பளபளவென்று இரண்டாக அறுத்து மெருகேற்றிய அம்மோனைட் அன்பளிப்பாக வந்தது என்று படம் போட்டவருக்கு: அது அனேகமாக மடகாஸ்கரிலிருந்து வந்தது. கிளியோனிசெராஸ் வகை, ஓட்டின் உள்ளறைகளுக்குள் கால்சைட் வளர்ந்திருக்கிறது. அந்த விலங்கு நீந்திய நாட்களில் மடகாஸ்கரும் இந்தியாவும் ஒட்டிக்கொண்டிருந்தன. சுமார் 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான் பிரிந்தன. அந்த வகையில் நம் காரையின் உறவுக்காரர். வைத்துக்கொள்ளுங்கள், பிள்ளைகளுக்குக் காட்டுங்கள், அறைச் சுவர்களை இவ்வளவு தெளிவாக வேறெதிலும் காட்ட முடியாது.

சாளக்கிராமம் பற்றிக் கேட்டது வேறொருவர். நேபாளத்தின் காளி கண்டகி ஆற்றில் வரும் கருங்கற்கள், உள்ளே அம்மோனைட். திருமங்கையாழ்வார் பாடிய திருச்சாளக்கிராமம் அந்தப் பகுதிதான். பூசையில் இருக்கும் கல்லை உடைத்துப் பார்க்கச் சொல்ல மாட்டேன். யாரும் கேட்கவும் வேண்டாம். அந்தக் கற்கள் இமயம் எழுவதற்கு முன்பிருந்த கடலின் அடிச்சேறு என்று தெரிந்தபின் என் பாட்டி வீட்டுச் சாளக்கிராமத்தின்மேல் எனக்கு மரியாதை கூடத்தான் செய்தது.

11 ஜூன் 2023

சுண்ணாம்புச் சுரங்கங்கள். இந்தப் பேச்சை இவ்வளவு நாள் யாரும் எடுக்காதது வியப்பு.

கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல் என்பது பெரும்பாலும் சிப்பிதான். கிரிஃபியா என்ற கனத்த வளைந்த சிப்பியும் இனோசெராமஸ் என்ற இன்னொரு சிப்பியும் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. 1953 போராட்டத்தால் எல்லாரும் அறிந்த கல்லக்குடியின் சுண்ணாம்புக்கல்லில் பவளமும் பாசியும் கட்டிய திட்டு இருக்கிறது. கருடமங்கலத்துச் சிப்பிக்கல்லைத் "திருச்சி மார்பிள்" என்று சொல்லி மெருகேற்றி அழகுப் பொருள்கள் செய்தார்கள். நம் வீட்டுச் சுவர்களில் இருக்கும் சிமென்ட்டின் சுண்ணம் ஒரு காலத்தில் இந்த உயிர்களின் ஓடு. சேகரிப்பவர்கள் எல்லாரும் சேர்ந்து எடுத்ததைவிட அரவை ஆலைக்குள் போனது பன்மடங்கு அதிகம் என்பதில் எனக்கு ஐயமில்லை.

13 ஜூன் 2023

இரண்டு நாள் யோசித்தபின் எழுதுகிறேன். சுரங்கம் வெட்டியிராவிட்டால் அந்த அடுக்குகளின் நிமிர்ந்த முகத்தை யாரும் பார்த்திருக்க முடியாது. வயலுக்கடியில் கிடந்திருக்கும். ஆய்வுக் கட்டுரைகள் பலவற்றின் மாதிரிகள் சுரங்க முகத்திலிருந்துதான் வந்தன. ஆகவே சுரங்கத்தை மூடு என்று நான் சொல்லவில்லை. வெட்டி முடித்த குழிகளில் ஒரு பக்கச் சுவரை அடுக்குகள் தெரியும்படி மூடாமல் விட்டு, படிக்கட்டு வைத்து, கல்லூரி மாணவர்களுக்குத் திறந்துவிட்டால் போதும். அனுமதியின்றி உள்ளே நுழைவதைப் பற்றி எழுதியிருந்தவருக்கு: வெடி வைக்கும் இடம் அது. கூடவே கூடாது.

30 ஜூலை 2023

சட்டத்துக்கு வருகிறேன். மத்தியச் சுரங்க அமைச்சகம் 2022 டிசம்பரில் நிலவியல் பாரம்பரிய இடங்களையும் எச்சங்களையும் பாதுகாக்க ஒரு வரைவு மசோதாவை வெளியிட்டது. இன்னும் வரைவுதான். நிலவியல் ஆய்வுத்துறை தேசியச் சின்னமாக அறிவித்த சாத்தனூர், திருவக்கரை போன்ற இடங்களில் ஒரு சில்லுகூட எடுக்கக் கூடாது என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இருக்க முடியாது. சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம் கிடக்கிறது. 1940இல் அதை வெளியுலகுக்குக் காட்டியவர் தஞ்சை மாவட்டத்துக்காரரான எம்.எஸ். கிருஷ்ணன். திருவக்கரைக் கல்மரங்களை வக்கிராசுரனின் எலும்புகள் என்று ஊரில் சொல்வார்கள். அந்தக் கதையும் சில தலைமுறைகளாக மரங்களைக் காத்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

காரை போன்ற திறந்த மேடுகளுக்கு என்ன செய்வது? ஜனவரியில் தடை வேண்டாம் என்று மட்டும் எழுதினேன். இப்போது ஒரு படி மேலே போகிறேன்: பதிவு வேண்டும். எடுக்கிறவர் பெயர் கொடுத்து, எடுத்ததைப் படத்தோடும் இடத்தோடும் மாவட்டத்தில் பதிந்துவிட்டுப் போக வேண்டும். அரிதானது என்றால் அரியலூர் மாவட்டம் வாரணவாசியில் இருக்கும் புதைபடிவ அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட வேண்டும். வண்டியில் ஏற்றி விற்கிறவர் பதிய மாட்டார், அதிலேயே அவர் யார் என்று தெரிந்துவிடும்.

31 ஜூலை 2023

"உங்கள் வீட்டுப் பெட்டிகளையும் கொடுப்பீர்களா?" கொடுப்பேன். நோட்டுப் புத்தகத்தோடு.

17 செப்டம்பர் 2023

அம்மோனைட்டா நாட்டிலஸா என்று படம் அனுப்பிக் கேட்கிறவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். நாட்டிலஸ் என்பது இன்றும் கடலில் வாழும், அம்மோனைட் போன்ற சுருள் ஓட்டு விலங்கு. ஒரே முறை எழுதிவிடுகிறேன். மேல் ஓடு உதிர்ந்த அச்சில் அறைச் சுவர் வெளிச்சுவரைத் தொட்ட கோடுகள் தெரியும். நாட்டிலஸில் அவை எளிய வளைவுகள். அம்மோனைட்டில் கொத்தமல்லி இலையின் ஓரம் போல மடிந்து மடிந்து கிளைத்திருக்கும். இரண்டாவது அடையாளம், அறைகளை இணைக்கும் குழல். நாட்டிலஸில் அது சுவரின் நடுப்பக்கம் போகும், அம்மோனைட்டில் வெளி விளிம்பை ஒட்டிப் போகும்.

நின்னியூர்ச் சுண்ணாம்புக்கல்லில் நாட்டிலஸ் உண்டு, அம்மோனைட் இல்லை. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் நடந்த பேரழிவில் ஒன்று தப்பியது, மற்றது போயிற்று. ஏன் என்பதற்கு ஆய்வாளர்கள் சொல்லும் காரணங்களில் ஒன்று குஞ்சுகளைப் பற்றியது. அம்மோனைட் குஞ்சுகள் மிகச் சிறியவை, கடலின் மேற்பரப்பில் நுண்ணுயிர்களோடு மிதந்தவை. அந்த மேற்பரப்பு உணவுச் சங்கிலி அறுந்ததும் அவையும் மடிந்தன. நாட்டிலஸ் பெரிய முட்டைகளை, குறைவாக, ஆழத்தில் இடுகிறது. அரியலூரில் ஒரு கல்லையும் நின்னியூரில் ஒரு கல்லையும் அருகருகே வைத்தால் இந்தக் கதை மேசைமேலேயே இருக்கிறது. இரண்டுக்கும் ஊர்ப் பெயர் எழுதியிருந்தால்.

8 அக்டோபர் 2023

இந்தத் துறைக்கு யாரைப் படிப்பது என்று கேட்டவருக்கு: நிலவியல் ஆய்வுத்துறையின் பிளான்ஃபோர்டு 1862இல் வெளியிட்ட திருச்சி, தென்னார்க்காட்டுப் பாறைகள் பற்றிய அறிக்கை. அடுத்து ஸ்டோலிச்கா. இன்றைய செக் நாட்டின் மொராவியாவில் பிறந்து, கல்கத்தா வந்து, பிளான்ஃபோர்டு முதலியோர் சேர்த்த பெட்டிகளைத் திறந்து, 1873 வரை பெரிய தொகுதிகளாக நம் சிப்பிகளையும் நத்தைகளையும் அம்மோனைட்டுகளையும் விவரித்தவர். 1874இல் மத்திய ஆசியாவின் யார்க்கண்ட் பயணத்திலிருந்து திரும்பும் வழியில், முப்பத்தாறு வயதில், லடாக்கில் இறந்தார். லேயில் அவருக்கு நினைவுத் தூண் இருக்கிறது. அந்தத் தொகுதிகளின் கல்லச்சுப் படங்கள் இன்றும் கைகொடுக்கின்றன. உங்கள் கல்லைப் படத்தோடு வைத்துப் பாருங்கள், ஊட்டத்தூர் என்றும் அரியலூர் என்றும் அதில் ஊர்ப் பெயர் வரும்போது கிடைக்கும் மகிழ்ச்சியை நான் விவரிக்க மாட்டேன். நீங்களே அடைய வேண்டும்.

24 டிசம்பர் 2023

தார் மாவட்டத்திலிருந்து இன்னொரு செய்தி. பாட்லியா ஊரில் தலைமுறைகளாகக் குலதெய்வமாக வணங்கிய உருண்டைக் கற்கள் டைனோசர் முட்டைகள் என்று தெரிய வந்திருக்கிறது. அறியாமை என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஏற்க மாட்டேன். அந்தக் கற்களை வேறு கற்களிலிருந்து பிரித்து அறிந்து, பாதுகாத்து, ஆய்வாளர் வந்தபோது காட்டியவர்கள் அவர்கள்.

7 ஜனவரி 2024

துறையூர் நண்பர் அனுப்பிய படம்: விரல்நுனி அளவு, மேலே இணையான முகடுகள், கறுப்புப் பளபளப்பு. பொத்தான் இல்லை, விதையும் இல்லை. டைக்கோடஸ் என்ற சுறாவின் பல். சிப்பிகளை நொறுக்கித் தின்ற சுறா, அதனால் கூரிய முனைக்குப் பதில் தட்டையான அரைக்கும் பரப்பு. காரைக் களிமண்ணில் இந்த வகைப் பற்கள் கிடைப்பது தெரிந்ததே, ஆனாலும் நல்ல பல்.

எந்த ஓடை என்று எழுதவில்லை நீங்கள். களிமண்ணிலேயே பதிந்திருந்ததா, மணலில் கிடந்ததா? நாளைக்குள் எழுதுங்கள், மறந்துவிடும். இடம் தெரிந்தால் அடுத்த வாரம் சல்லடையோடு நானும் வருகிறேன். ஒன்று இருந்தால் பக்கத்தில் இன்னும் இருக்கும், இந்தச் சுறாவின் வாயில் அவை வரிசையாகப் பாவியிருந்தவை.